விழிநலம் நாடிய வேந்தர் இரண்டாம் சரபோஜி

தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர்களுள் இரண்டாம் சரபோஜி என்றதும் நம் நினைவுக்கு முதலில் வருவது சரசுவதி மகால் நூலகமே. சுவடி தேடித் தஞ்சைக்குச் சென்று வந்த ஆய்வாளர் எவரும் அம்மன்னரை நன்றியுடன் எண்ணாமல் திரும்பியிருக்க மாட்டார். ஆயினும் அந்நூலகத்திலேயே, இலக்கியச் சுவடிகளுக்கும் சமயச் சுவடிகளுக்கும் அப்பால், கண் நோயாளிகளைப் பற்றிய குறிப்புத் தாள்களும், நோயுற்ற விழிகளை வண்ணத்தில் தீட்டிய படங்களும் இருக்கின்றன என்பதைத் தமிழ் பயின்றோரில் பலர் அறியார். நூலைத் திரட்டிய வேந்தர், அந்நூலைப் படிக்க வேண்டிய கண்ணையும் எண்ணிப் பார்த்தார் என்பது கவிஞர்களும் படிப்பாளிகளும் கூடியிருக்கும் நம் இலக்கிய வட்டத்தாருக்குச் சுவையான செய்தியாகும். நாற்பதைக் கடந்து மூக்குக் கண்ணாடி அணிந்தோரும், அறுபதைக் கடந்து கண்புரையோடு காலந்தள்ளுவோரும் நம்முள் உண்டாதலின் அது வெறும் சுவைக்கு மட்டும் உரிய செய்தியும் அன்று.

சரபோஜி 1777 செப்டம்பர் 24 அன்று போன்சலே குடியின் கிளைக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். அப்போது தஞ்சையை ஆண்டவர் துளஜா மன்னர். பெற்ற மக்களையெல்லாம் இழந்து, நோயுற்றுப் படுத்திருந்த துளஜா, 1787 சனவரியில் ஒன்பது வயதுச் சிறுவனாகிய சரபோஜியை மகவேற்பு முறைப்படி ஏற்றுக்கொண்டார். சுவார்ட்சு என்னும் செருமானியப் பாதிரியாரை அழைத்து, பிள்ளையின் காவலையும் கல்வியையும் பார்த்துக்கொள்ளுமாறு வேண்டினார். பின்னர்ச் சில நாள்களிலேயே உயிர் நீத்தார். அரியணையோ சிறுவனுக்குக் கிட்டவில்லை. மகவேற்புச் செல்லாது எனப் பண்டிதர் சிலர் உரைக்க, துளஜாவின் மாற்றாந்தாய் மகனாகிய அமர்சிங் அரசரானார்.

அடுத்து வந்த ஆண்டுகள் அச்சிறுவனுக்குத் துன்ப ஆண்டுகள். அரண்மனைக்குள்ளேயே அவனை அடைத்து வைத்தனர். கதிரவனையும் நிலவையும் காண இயலாதவாறு, பகலிலும் விளக்கொளியில் அமர்ந்திருக்க நேர்ந்த நிலையைச் சுவார்ட்சு தம் கடிதங்களில் வருந்தி எழுதினார். பிற்காலத்தில் ஒளியிழந்த கண்களுக்கு மருந்து தேடிய மன்னருக்கு இளமையில் வாய்த்த சிறைவாழ்வு இவ்வாறு இருந்தது. இரண்டையும் முடிச்சிட்டுக் காட்டினால் கவிதைக்கு நன்றாக இருக்கும். ஆயின் வரலாற்றை எழுதும்போது அம்முடிச்சை நான் போட விரும்பவில்லை. நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறு சொல்வதே போதும்.

1793இல் துளஜாவின் மனைவியரோடு சரபோஜி பாதுகாப்புக் கருதிச் சென்னைக்கு அனுப்பப்பட்டார். அங்குக் கெரிக்கே என்னும் பாதிரியாரிடம் கல்வி தொடர்ந்தது. மராத்தி, தமிழ், தெலுங்கு, வடமொழி ஆகியவற்றோடு ஆங்கிலத்தையும் அவர் நன்கு கற்றார். ஐரோப்பிய மொழிகள் வேறு சிலவும் அவருக்குப் பழக்கமாயின. சுவார்ட்சிடம் அவரோடு உடன் பயின்றவர் வேதநாயக சாத்திரியார். பெத்லகேம் குறவஞ்சி பாடிய அப்பெருமகனார் 1774இல் நம் திருநெல்வேலியில் பிறந்தவர் என்பதை இங்கு நினைவுகூரலாம். தென்பாண்டிச் சிறுவன் ஒருவனும் மராட்டிய இளவரசன் ஒருவனும் செருமானிய ஆசிரியர் ஒருவரிடம் பாடம் கேட்ட காட்சி, அக்காலத் தஞ்சை எவ்வளவு பல பண்பாடுகளின் சந்தியாக இருந்தது என்பதற்குச் சான்றாகும்.

1798 பிப்ரவரியில் சுவார்ட்சு காலமானார். அவ்வாண்டு சூன் 29 அன்று சரபோஜி அரியணை ஏறினார். ஆசிரியருக்கு நினைவுச்சின்னம் ஒன்றைப் பிளாக்சுமன் என்னும் ஆங்கிலச் சிற்பியைக் கொண்டு செய்வித்துத் தஞ்சைத் திருச்சபையில் நிறுவினார். ஆசிரியர் நினைவாக ஆங்கிலத்தில் செய்யுளும் யாத்தார். சமயத்தில் இறுதிவரை இந்துவாகவே வாழ்ந்த மன்னர், கிறித்துவ ஆசிரியரிடம் கொண்டிருந்த பற்றை மறைக்கவில்லை.

இனி வருவது நம் பகுதியினர்க்குச் சற்றே நெருடலான செய்தி. அரியணை ஏறிய அடுத்த ஆண்டே, 1799 அக்டோபர் 25 அன்று, சரபோஜி கிழக்கிந்தியக் கம்பெனியோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார். நாட்டின் ஆட்சிப் பொறுப்பு முழுதும் கம்பெனியிடம் சென்றது. மன்னருக்கு எஞ்சியவை தஞ்சைக் கோட்டையும், ஆண்டுதோறும் ஓர் இலட்சம் வராகனும், வருவாயில் ஐந்தில் ஒரு பங்குமே. இதே அக்டோபரில்தான், அதற்குச் சில நாள் முன்னர், கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். சங்கரன்கோவிலுக்கு அருகேயுள்ள நெற்கட்டும்செவலில் பூலித்தேவன் கப்பம் கட்ட மறுத்து நின்றது அதற்கும் ஒரு தலைமுறை முந்தைய கதை. அம்மண்ணில் பிறந்தோர்க்குக் கையெழுத்திட்டு நாட்டைக் கொடுத்த மன்னர்மீது மதிப்புத் தோன்றுவது எளிதன்று. நெப்போலியனின் வீழ்ச்சியையும் ஆங்கிலேயர் வெற்றியையும் கொண்டாடக் கடற்கரையில் மனோரா என்னும் எட்டடுக்குக் கோபுரத்தை அவர் 1814இல் எழுப்பினார் என்பதும் அம்மனக்குறையைக் கூட்டவே செய்யும். இதனைப் பூசி மெழுகுவதில் எனக்கு உடன்பாடில்லை. சரபோஜியின் கீர்த்தியைப் பாடும் கட்டுரைகள் பலவும் இவ்வுடன்படிக்கையை ஒரு வரியில் தாண்டிச் செல்கின்றன. அவருடைய பிற்காலப் பணிகளை விளங்கிக்கொள்ள அவ்வரியே வாயில் என்பது என் கருத்து. படை இல்லை, வரி விதிக்கும் உரிமை இல்லை, நீதி வழங்கும் அதிகாரம் கோட்டைக்குள் அடங்கிவிட்டது. முப்பத்து மூன்றாண்டுக் காலம் அரசர் என்னும் பெயரோடு வாழ்ந்த ஒருவர் அப்பெயரைக் கொண்டு என்ன செய்தார் என்பதே கேள்வி. செல்வமும் ஓய்வும் வாய்த்துப் பொறுப்பு இழந்த மன்னர் பலர் அக்காலத்தில் எவ்வாறு காலங்கழித்தனர் என்பதை நாம் அறிவோம்.

சரபோஜி முதலில் காக்க முனைந்தது சத்திரங்களை. கம்பெனி ஆட்சியின்கீழ் அவை சீர்குலையும் என அஞ்சி, 1801இல் தஞ்சையிலிருந்த ஆங்கிலப் பிரதிநிதிக்கு ஒரு மடல் எழுதினார். சாதி சமய வேறுபாடின்றி வழிப்போக்கர்க்கு உணவு அளித்தல், நோயுற்றோர்க்கு மருந்து தருதல், இறந்தோர்க்கு ஈமக்கடன் செய்தல் ஆகியவை சத்திரங்களின் கடமை என்று அதில் விளக்கினார். ஒரத்தநாட்டில் எழுந்த முக்தாம்பாள் சத்திரத்தில் பள்ளியும் மருத்துவமும் சேர்ந்தே நடந்தன. 1805இல் தேவநாகரி எழுத்து அச்சுக்கூடம் ஒன்றை அரண்மனையிலேயே நிறுவினார். பெரிய கோயில் சுவரில் போன்சலே குல வரலாற்றை மராத்தியில் 1803இல் பொறிக்கச் செய்தார். அவரது அவையில் தஞ்சை நால்வர் இசையும் கூத்தும் வளர்த்தனர். கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் அவர்மீது சரபேந்திர பூபாலக் குறவஞ்சி பாடினார். இவை தமிழ் பயின்றோர் நன்கறிந்தவை, ஆதலின் விரிக்கவில்லை.

மருத்துவத்தில் அவருக்கு இருந்த ஈடுபாடு பொழுதுபோக்கின் அளவைக் கடந்தது. தன்வந்திரி மகால் என்னும் மருத்துவச் சாலையை அமைத்தார். அங்குச் சித்தம், ஆயுர்வேதம், யுனானி, ஆங்கில மருத்துவம் ஆகிய நான்கு முறையாரும் ஒரு கூரையின்கீழ்ப் பணியாற்றினர். மனிதர்க்கு மட்டுமன்றி விலங்குகளுக்கும் மருந்து செய்யப்பட்டது. கையாண்டு பார்த்துப் பயன் தந்த மருந்து முறைகளைத் தொகுக்கச் செய்தார் மன்னர். அத்தொகுப்பு அவைப் புலவர்களால் தமிழ்ச் செய்யுளாகவும் யாக்கப்பட்டது. சரபேந்திர வைத்திய முறைகள் என்னும் பெயரில் சரசுவதி மகால் நூலகம் பிற்காலத்தில் வெளியிட்ட வரிசை இதுவே. கண் நோய்க்கு அதில் தனிப் பகுதி உண்டு, நீரிழிவுக்கும் உண்டு.

இச்செய்யுள்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இலக்கிய வரலாற்று நூல்கள் இவற்றை இலக்கியமாக ஏற்பதில்லை. கற்பனை இல்லை, அணி இல்லை, மருந்துச் சரக்கின் பட்டியலே உண்டு என்பது குறை. உண்மைதான். ஆனால் மனப்பாடம் செய்யத்தக்க வடிவில் அறிவைக் காப்பதும் செய்யுளின் தொழிலாக நம் மரபில் இருந்தது. நம் கவிஞர்கள் யாப்பைக் கைவிட்டதுபற்றி எனக்கு வழக்கில்லை. அந்த மருந்துப்பாட்டின் புலவர், தம் பெயர் நிலைக்க வேண்டும் என்று எழுதவில்லை. எடையும் அளவும் பிழையின்றி நிலைக்க வேண்டும் என்று எழுதினார். அக்கவனத்தை நான் மதிக்கிறேன்.

கண் நோய்களைச் சித்த மருத்துவ நூல்கள் 96 என வகுக்கும். சுசுருதர் 76 என்பர். எண்ணிக்கை எதுவாயினும் மிகுதியான மக்களின் ஒளியைப் பறித்தது அன்றும் இன்றும் கண்புரையே. விழிக்குள் கருமணிக்குப் பின்னே ஒளியைக் குவிக்கும் வில்லை ஒன்று உண்டு. முதுமையில் அது தெளிவிழந்து வெண்மையோ பழுப்போ அடைகிறது. பனிமூட்டத்தினூடே பார்ப்பது போன்ற மங்கல் தோன்றும். இரவில் எதிர்வரும் வண்டியின் விளக்கொளி சிதறும். இதற்கு மருந்து அன்றும் இல்லை, இன்றும் இல்லை. சொட்டு மருந்தால் புரையைக் கரைப்பதாகச் சொல்வோரை நம்புதல் வீண். அறுவையே வழி.

சுசுருதர் காலம் முதல் வழங்கிய அறுவை, ஊசியால் விழியைத் துளைத்து, ஒளிமறைக்கும் வில்லையைக் கண்ணின் அடிப்பகுதிக்குத் தள்ளிவிடுவது. வில்லை வெளியே வருவதில்லை. பார்வைப் பாதையை விட்டு விலகும், அவ்வளவே. செய்த உடனே நோயாளி விரல்களை எண்ணிவிடுவார். கண்டோர் வியப்பர். பின்னர்ப் பலருக்குக் கண்ணுள் அழற்சியும் அழுத்தமும் மிகுந்து வந்த ஒளியும் போய்விடும். பிரான்சில் தாவியேல் என்னும் மருத்துவர் 1747இல் வில்லையையே வெட்டி வெளியே எடுக்கும் முறையைத் தொடங்கினார். சரபோஜியின் காலத்தில் இரு முறைகளும் உலகில் வழங்கின. உணர்விழக்கச் செய்யும் மருந்துகளோ இன்னும் வரவில்லை. ஈதர் பயன்பாட்டுக்கு வந்தது 1846இல். கண்ணை மட்டும் மரக்கச் செய்யும் கொக்கெயினை வியன்னாவில் கோலர் கண்டது 1884இல். அதுவரை கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே அறுவையைத் தாங்க வேண்டும். இரண்டு பேர் தலையைப் பிடித்துக்கொள்வர் என்று எண்ணிப் பார்த்தாலே நமக்கு உடல் சிலிர்க்கும்.

இத்தகைய காலத்தில்தான் தஞ்சை அரண்மனை மருத்துவர்கள் கண் அறுவை செய்தனர். சரபோஜி தாமே அறுவைக் கருவிப் பெட்டியை எங்குச் சென்றாலும் உடன் எடுத்துச் செல்வார் என்றும், கண்புரை அறுவை செய்தார் என்றும் கூறுவர். நூலகத்திலுள்ள தாள்கள் அவர் செய்த அறுவைகளையே குறிக்கின்றன என்பது பலரின் நம்பிக்கை. ஊசியைப் பிடித்த கை மன்னருடையதா, அருகில் நின்ற மருத்துவருடையதா என்னும் வினாவை நான் பெரிதாகக் கொள்வதில்லை. ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் நோயின் வரலாறு, கண் இருந்த நிலை, செய்த சிகிச்சை, பிறகு கண்ட பலன் என ஆங்கிலத்தில் விரிவாக எழுதி வைத்தார்களே, அதுவே எனக்குப் பெரிதாகப் படுகிறது. நம் நாட்டு மருத்துவத்தில் கைதேர்ந்தோர் குறைவில்லை. எழுதி வைத்தோர்தாம் குறைவு. தந்தை கண்ட மருந்து மகனுக்கு மட்டும் சொல்லப்பட்டு, மகன் இல்லாவிடில் தந்தையோடு எரிந்துபோன கதை ஊருக்கு ஊர் உண்டு. தஞ்சையில் அம்மறைப்பு இல்லை. பலன் தராத சிகிச்சையும் எழுதப்பட்டால்தான் அடுத்தவர் அதே தவற்றைச் செய்யாதிருப்பர் என்னும் அறிவியல் நோக்கு அத்தாள்களின் அடியில் நிற்கிறது. ஓவியரையும் அருகில் அமர்த்தி, நோயுற்ற விழியை உள்ளவாறே வண்ணத்தில் எழுதச் செய்தனர். புகைப்படம் தோன்றாத காலம் அது. தஞ்சாவூர் ஓவியம் என்றதும் பொன்தகடும் கண்ணன் கோலமும் நினைக்கும் நமக்கு, அதே ஊரின் தூரிகை புரை படர்ந்த கண்ணையும் வரைந்தது என்பது புதுச்செய்தியே.

இந்நோக்குக்கு அவர் படித்த நூல்கள் துணைநின்றன. ஐரோப்பாவிலிருந்து ஆயிரக்கணக்கான நூல்களை வரவழைத்தார். பலவற்றில் அவருடைய கையொப்பத்தை இன்றும் காணலாம். மனித உடலமைப்பைக் கற்கச் செயற்கையாகச் செய்த எலும்புக்கூடு ஒன்றையும் வைத்திருந்தார். 1826இல் தஞ்சைக்கு வந்த கல்கத்தா ஆயர் ஈபர், மன்னர் பிரெஞ்சு வேதியியலாரையும் இயற்கை நூலாரையும் சரளமாக எடுத்துப் பேசியதைக் கண்டு வியந்து எழுதினார். முடிசூடியோர் பலரைக் கண்டிருந்தும் இவரைப் போன்ற பெருமிதம் உடையவரைக் கண்டதில்லை என்பது ஈபரின் மதிப்பீடு. அரசர்களைப் புகழ்வது ஆயர்களின் வழக்கம் என்று கொஞ்சம் தள்ளுபடி செய்தாலும் எஞ்சுவது குறைவன்று.

தமிழகத்தின் பிற பகுதியிலும் அப்போது கண் மருத்துவம் வேர்பிடித்துக்கொண்டிருந்தது. 1819இல் சென்னையில் கண் மருத்துவமனை தொடங்கப்பட்டது. இன்று எழும்பூரில் இயங்கும் அரசு கண் மருத்துவமனையின் தொடக்கம் அதுவே. இலண்டன் மூர்பீல்ட்சு மருத்துவமனைக்கு அடுத்து உலகில் மூத்தது என்பர். தஞ்சையில் மன்னர் ஒருவரும் சென்னையில் கம்பெனியாரும் ஒரே காலத்தில் இத்துறையில் இறங்கினர். ஆயின் தஞ்சையின் முயற்சி மன்னரோடு தொடர்பறுந்தது. சென்னையின் முயற்சி இரு நூற்றாண்டு கடந்தும் தொடர்கிறது. தனியொருவர் ஆர்வத்துக்கும் நிறுவனத்துக்கும் உள்ள வேறுபாடு இதில் தெரிகிறது.

தன்வந்திரி மகாலின் வைத்தியர் இன்று ஒரு கண் மருத்துவமனைக்குள் வந்தால் எதைக் கண்டு வியப்பார்? இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவே உள்ள திறப்பின் வழியாகப் புரையை மீஒலி அதிர்வால் நொறுக்கி உறிஞ்சி எடுத்துவிட்டு, மடித்த செயற்கை வில்லையை உள்ளே செலுத்தி விரிய வைப்பதைத்தான் முதலில் சொல்வார். இம்முறையை அமெரிக்க மருத்துவர் கெல்மன் 1967இல் தொடங்கினார். செயற்கை வில்லையின் கதை இன்னும் சுவையானது. இரண்டாம் உலகப் போரில் வானூர்தி முகப்பின் பிளாசுடிக் சிதறல்கள் விமானிகளின் கண்ணுக்குள் தங்கியும் கேடு செய்யவில்லை என்பதைக் கவனித்த ரிட்லி என்னும் ஆங்கில மருத்துவர், அதே வகைப் பொருளால் வில்லை செய்து 1949 நவம்பரில் நோயாளி ஒருவருக்குப் பொருத்தினார். அதற்கு முன்னெல்லாம் புரை நீக்கியோர் சோடாப்புட்டி அடிபோன்ற தடித்த கண்ணாடியைச் சாகும்வரை அணிந்திருந்தனர். நம் தாத்தா பாட்டியர் முகங்களில் அதைக் கண்டிருக்கிறோம்.

வில்லை வெளிநாட்டிலிருந்து வந்தவரை ஏழைக்கு எட்டாக்கனியாயிருந்தது. 1976இல் மதுரையில் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய மருத்துவர் கோ. வெங்கடசாமி நம் அண்டைக் கரிசல் மண்ணாகிய எட்டயபுரத்தை அடுத்த அயன் வடமலாபுரத்தில் பிறந்தவர். மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிய பின்னும் அக்கைகளாலேயே கண் அறுவை பழகியவர். அவர்தம் நிறுவனம் 1992இல் ஆரோலேப் என்னும் கூடத்தில் வில்லைகளை இங்கேயே செய்யத் தொடங்கியது. விலை பன்மடங்கு சரிந்தது. திருநெல்வேலியில் 1988 முதல் அம்மருத்துவமனைக்குக் கிளை உண்டு. சரபோஜி சத்திரத்தில் செய்ய விரும்பியதை, அரசுப்பட்டம் ஏதுமில்லாத கரிசல்காட்டு உழவர் வீட்டுப் பிள்ளை நாடளாவச் செய்து காட்டினார்.

இவ்வளவு வசதி வந்த பின்னும் நம்மவரிடம் ஒரு பழைய எண்ணம் நீங்கவில்லை. புரை நன்றாகப் பழுக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதே அது. ஊசியால் தள்ளிய காலத்திலும், முழுவில்லையைப் பிடுங்கிய காலத்திலும் அதற்குப் பொருள் இருந்தது. முற்றிய புரையே கைக்கு எளிது. இன்று நிலை நேர்மாறு. மிக முற்றிக் கல்லாய் இறுகிய புரையை நொறுக்குவதே கடினம்; முற்றிய புரை உப்பிக் கண்ணுள் அழுத்தத்தை உயர்த்தி, பார்வை நரம்பையே அழிப்பதும் உண்டு. படிப்பதற்கும் நடப்பதற்கும் இடைஞ்சல் தோன்றியதுமே அறுவைக்குச் செல்லலாம். நம் வட்டத்துக் கூட்டங்களில் தம் கவிதையைத் தாமே படிக்க இயலாமல் பிறர் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லும் முதிய கவிஞர்களைக் காண்கிறேன். கேட்டால் பழுக்கவில்லை என்கின்றனர். இருநூறாண்டு முந்தைய காரணத்துக்காக இன்று இருளில் இருப்பானேன்?

சரபோஜியின் மருத்துவர்கள் அறிய வழியில்லாதிருந்த நோய்களும் சில உண்டு. கண்ணின் உட்புறத்தை நோக்கும் கருவியைச் செருமானிய அறிஞர் எல்மோல்ட்சு படைத்தது 1851இல். மன்னர் இறந்து பத்தொன்பது ஆண்டுக்குப் பின். அதற்கு முன் விழித்திரையையும் பார்வை நரம்பையும் உயிருள்ள கண்ணில் எவரும் தெளிவாகக் கண்டதில்லை. கண்நீர் அழுத்த நோய் அத்தகையது. வலியின்றி, அறிகுறியின்றி, பார்வையின் ஓரங்களை முதலில் அரித்துவிடும். நேரே பார்ப்பது தெளிவாயிருப்பதால் நோயாளி உணர்வதில்லை. புரையால் போன பார்வை அறுவையால் மீளும். இதனால் போனது மீளாது. சொட்டு மருந்தோ லேசர் கதிரோ அறுவையோ எஞ்சியதைக் காக்கும். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் உடன்பிறந்தாரும் மக்களும் நாற்பது வயதுக்கு மேல் அழுத்தம் பார்த்துக்கொள்ளுதல் நன்று.

நீரிழிவு மற்றொன்று. சரபேந்திர வைத்திய முறைகளில் கண்ணும் நீரிழிவும் வேறுவேறு பகுதிகள். இரண்டும் ஒன்றையொன்று தொடும் இடம் விழித்திரை என்பது பிற்கால அறிவு. சர்க்கரை மிகுதியால் விழித்திரையின் நுண்குழாய்கள் கசிந்தும் அடைபட்டும், வலுவற்ற புதுக்குழாய்கள் முளைத்துக் குருதி சிந்தியும் பார்வை போகும். லேசர் கதிரும் கண்ணுள் செலுத்தும் ஊசி மருந்தும் உரிய காலத்தில் இதைத் தடுக்கும். சர்க்கரை நோயாளி ஆண்டுக்கு ஒருமுறை விழிப்பாவையை விரிவாக்கும் மருந்திட்டு விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். கண் தெளிவாகத் தெரிகிறதே என்று இருந்துவிடலாகாது.

வெள்ளெழுத்தைப் பற்றி நீட்டத் தேவையில்லை. நாற்பதுக்கு மேல் வில்லையின் நெகிழ்ச்சி குறைவதால் வருவது; கண்ணாடி போதும். ஆனால் நம் ஊர்த் தறிக்கூடங்களில் அறுந்த இழையைத் தேடி முடிபோடும் கைகளுக்கு ஒரு கண்ணாடி இல்லாமையால் வேலையே போய்விடுவதுண்டு. பார்வைக்குறையை முதுமையின் வரமாக ஏற்றுக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் மிகுதி. அம்மனுக்குக் கண்மலர் சாத்துவோம். சங்கரநாராயணர் சந்நிதிப் புற்றுமண்ணை இட்டுக்கொள்வோம். நம்பிக்கையைக் குறை சொல்ல வரவில்லை. கண்ணுக்குள் மட்டும் மண்ணையோ இலைச்சாற்றையோ தாய்ப்பாலையோ விடுவது கருவிழியைப் புண்ணாக்கும். கருவிழி வெளுத்துவிட்டால், இறந்தவர் தந்த கருவிழியைப் பொருத்துவதே பெரும்பாலும் வழி. அவ்வறுவையில் முதல் வெற்றி 1905இல் கிட்டியது. கொடுப்போர் குடும்பத்தார் ஆறு மணி நேரத்துக்குள் கண் வங்கிக்குச் சொல்லிவிட வேண்டும்.

மன்னரின் வாழ்வுக்குத் திரும்புவோம். 1820இல் சரபோஜி ஏறத்தாழ மூவாயிரம் பேர் புடைசூழக் காசிக்குப் புறப்பட்டார். வழியெங்கும் நூல்களும் சுவடிகளும் ஓவியங்களும் தேடிச் சேர்த்துக்கொண்டே சென்றார். பரிவாரத்தோடு திரும்பிய பின் வந்த பத்தாண்டுகளில் நூலகமும் மருத்துவச் சாலையும் அவர் கண்முன்னே வளர்ந்தன. 1832 மார்ச்சு 7 அன்று, ஐம்பத்து நான்காம் வயதில், தஞ்சையில் காலமானார்.

அவருக்குப் பின் மகன் சிவாஜி பட்டத்துக்கு வந்தார். அவர் ஆண்மகவின்றி 1855இல் இறந்ததும் கம்பெனி தஞ்சை அரசை இணைத்துக்கொண்டு அரண்மனைப் பொருள்களையும் கைப்பற்றியது. ராணியார் தொடுத்த வழக்கு இலண்டன் வரை சென்றது. தன்வந்திரி மகால் அரசோடு மறைந்தது. நூலகத்தை 1918இல் அரச குடும்பத்தார் பொதுமக்களுக்கு உரிமையாக்கினர். கண் நோயாளர் தாள்களும் பிற சுவடிகளோடு அதனுள் சென்று நெடுங்காலம் கிடந்தன. 2003இல் சங்கர நேத்திராலயத்தை நிறுவிய மருத்துவர் பத்ரிநாத், மன்னர் வழியில் வந்த பாபாஜி ராஜா போன்சலே அவர்களைச் சந்தித்துப் பேசியபோது இவற்றைப் பற்றிய செய்தி வெளிப்பட்டது. கண் மருத்துவர்களே வந்து அத்தாள்களைப் படித்தனர். தமிழ்த்துறையைச் சேர்ந்த நாம் அதே கட்டடத்துக்குள் எத்தனையோ ஆண்டுகளாகச் சென்று வந்துகொண்டிருந்தோம். நம்மில் எவரும் அந்த அலமாரியைக் கேட்டதில்லை. தாள்களும், வண்ணம் மங்காத அவ்விழிப் படங்களும் தஞ்சை அரண்மனை வளாகத்தில், சரசுவதி மகாலில் இருக்கின்றன.